செர்ரி கவுண்டி, நெப்ராஸ்கா: ஆளுக்கு ஒரு சதுர மைல் கொடுத்தும் குடி ஏன் நிலைக்கவில்லை? (விவாத இழை)

#1 திசைகாட்டி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், அதன் வடக்கு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது செர்ரி கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). பரப்பு 6,009 சதுர மைல், அதாவது கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிது. 2020 கணக்கெடுப்பில் மக்கள் 5,455 பேர். அதிலும் 2,633 பேர் வாலண்டைன் என்ற தலைநகரத்திலேயே இருக்கிறார்கள். மிச்ச நிலத்தை நினைத்துப் பாருங்கள்! 1920-ல் இதே கவுண்டியில் பதினோராயிரத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள்.

பாலைவனம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. காலடியில் ஒகல்லாலா என்ற மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. ஏரிகள் இருக்கின்றன, வற்றாத ஆறுகள் ஓடுகின்றன. 1904-ல் அரசு ஆளுக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. அப்படியும் ஏன் எல்லோரும் கிளம்பிப் போனார்கள்? இலவசமாகக் கிடைத்த ஒரு சதுர மைலை விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு அங்கே என்னதான் பிரச்சினை?

#2 புல்லறிவன்

மண்தான் பிரச்சினை. பெயரே சொல்லிவிடுகிறது: அங்கே பெரும்பான்மையாக இருக்கும் மண் வகையை மண்ணியலாளர்கள் ‘வாலண்டைன்’ என்ற பெயரில்தான் பதிவு செய்திருக்கிறார்கள். சுத்தமான நுண்மணல். மேலே நாலைந்து அங்குலம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கும், அதற்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் மணல்தான்.

அந்தக் கவுண்டி சாண்ட்ஹில்ஸ் என்ற மணல்மேட்டுப் பிரதேசத்தின் நடுவில் இருக்கிறது. மொத்தம் சுமார் 19,300 சதுர மைல். மேற்கு அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய மணல்மேட்டுத் தொகுதி இது. சில மேடுகள் 400 அடி உயரம் வரை போகும். புல் வேர்தான் அத்தனையையும் பிடித்து வைத்திருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நீண்ட வறட்சியில் புல் செத்து, மேடுகள் மறுபடி நகர்ந்திருக்கின்றன. ஆகவே அது மேலே பச்சைப் போர்வை போர்த்திய பாலைவனம்.

இப்போது 640 ஏக்கர் கணக்கைப் போடுவோம்.

நல்ல மேய்ச்சல் நிலம், சராசரி மழை ஆண்டு என்று வைத்தால் ஏக்கருக்குக் காய்ந்த எடையில் சுமார் 2,000 பவுண்டு புல். அத்தனையையும் மாட்டுக்குக் கொடுக்க முடியாது. பாதியை நிலத்திலேயே விட வேண்டும், இல்லாவிட்டால் வேர் சுருங்கி மணல் கிளம்பிவிடும். மீதிப் பாதியிலும் மிதிபடுவது, பூச்சி தின்பது, சாணி விழுந்து வீணாவது என்று சரிபாதி போய்விடும். மாட்டின் வாய்க்குப் போவது கால்பங்கு, 500 பவுண்டு.

கன்றோடு இருக்கும் ஒரு பசுவுக்கு மாதம் சுமார் 950 பவுண்டு வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு 11,400. ஐந்நூறால் வகுத்தால் ஒரு பசுவுக்கு 23 ஏக்கர். 640 ஏக்கரில் 28 பசு.

28 பசுவில் ஆண்டுக்கு 25 கன்று தேறினால் நல்ல ஆண்டு. கிழட்டுப் பசுவுக்கு மாற்றாக நாலு கிடேரியை நிறுத்தியாக வேண்டும். விற்பதற்கு 21 கன்று. அதில் குடும்பம் சாப்பிட்டு, கம்பிவேலி வாங்கி, கடனுக்கு வட்டியும் கட்ட வேண்டும். இந்தக் கணக்கு தேறாது. பக்கத்து ஐயோவா மாநிலத்தின் கறுப்பு மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கு மிச்சம். இங்கே அதைப்போல நான்கு மடங்கு கொடுத்தும் அரைக் குடும்பத்துக்குத்தான் வரும்.

#3 வரப்பு

புல்லறிவன் சொன்ன கணக்கு அன்றைக்கே ராஞ்சர்களுக்கு, அதாவது பெரிய மாட்டுப்பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

வரிசையைப் பாருங்கள். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் கொடுத்தது. மணல்மேட்டை யாரும் சீந்தவில்லை. 1904-ல் கின்கெய்டு சட்டம் வந்தது. ஓநீல் ஊரைச் சேர்ந்த மோசஸ் கின்கெய்டு என்ற காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் கொண்டுவந்தது. மேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளில் மட்டும் 640 ஏக்கர் வரை. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும், ஏக்கருக்கு 1.25 டாலர் மதிப்புக்கு வீடு, கிணறு, வேலி என்று ஏதாவது செய்திருக்க வேண்டும். 640 ஏக்கருக்கு 800 டாலர். ஏற்கெனவே 160 வைத்திருந்தவர் ஒட்டினாற்போல 480 சேர்த்துக்கொள்ளலாம். இப்படி வந்து குடியேறியவர்களை இன்றைக்கும் ‘கின்கெய்டர்’ என்றுதான் சொல்வார்கள்.

ஆக, ‘இலவசம்’ என்பதைத் திருத்திக்கொள்ளுங்கள், திசைகாட்டி. ஐந்து ஆண்டு உழைப்பும் 800 டாலர் மதிப்பும் போட்டால்தான் பட்டா.

#4 திசைகாட்டி

திருத்திக்கொண்டேன் ஐயா. அப்படியானால் 1904-க்கு முன்னால் அந்த நிலம் யாரிடம் இருந்தது? காலியாகவா கிடந்தது?

#5 ஆவணப்பெட்டி

காலி என்ற சொல்லை அந்தப் பக்கம் யாரும் சும்மா பயன்படுத்திவிட முடியாது. லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் வேட்டை நிலம் அது. 1868 லாரமி ஒப்பந்தமே வட பிளாட் ஆற்றுக்கு வடக்கே அவர்களுக்கு வேட்டை உரிமையை ஒப்புக்கொண்டது. பிறகு அது பறிபோனது. கவுண்டியின் வடக்கு எல்லையைத் தாண்டினால் தெற்கு டகோட்டாவில் ரோஸ்பட் ஒதுக்கீட்டு நிலம், சிச்சாங்கு லகோட்டாக்களுடையது. அவர்களைக் கண்காணிக்கத்தான் 1880-ல் வாலண்டைன் அருகே நயோப்ரரா கோட்டை கட்டப்பட்டது. கவுண்டி 1883-ல் உருவானது. செர்ரி என்றதும் பழம் என்று நினைத்துவிடாதீர்கள், 1881-ல் கொல்லப்பட்ட சாமுவேல் செர்ரி என்ற ராணுவ லெப்டினன்டின் பெயர். வாலண்டைனும் காதலர் தினம் இல்லை, எட்வர்ட் வாலண்டைன் என்ற காங்கிரஸ் உறுப்பினர். (பிப்ரவரியில் அந்த ஊர்த் தபால் முத்திரைக்காக நாடெங்கிலும் இருந்து கடிதம் வந்து குவியும் என்பது வேறு விஷயம்.)

மாட்டுக்காரர்கள் வந்த கதை சுவையானது. மணல்மேட்டுக்குள் போன மாடு திரும்பாது என்றுதான் முதலில் நம்பினார்கள். எல்லையில் ஆள் நிறுத்தி மாடுகளைத் திருப்பி விரட்டினார்கள். 1879 வசந்தத்தில் ஒரு பனிப்புயல். நியூமன் ராஞ்சின் மாடுகள் புயலுக்கு முதுகைக் காட்டியபடி தெற்கே மேடுகளுக்குள் போய்விட்டன. தேடிப்போன குழுவில் இருந்த ஜிம் டால்மன் பிற்பாடு ஓமஹா நகர மேயர் ஆனவர். செத்த மாடுகளைப் பார்க்கப் போனவர்கள் கொழுத்த மாடுகளைப் பார்த்தார்கள். அதற்கு முன் தவறிப்போய், சூட்டுக்குறியே இல்லாமல் உள்ளேயே பெருகிய மாடுகளும் இருந்தன. பள்ளத்தாக்குகளில் காற்றுக்கு மறைப்பு உண்டு, ஊற்று நீர் உண்டு, உயரமான புல் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் என்ன, பெரிய கம்பெனிகள் பொதுநிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுக்கொண்டன. 1885-லேயே அது சட்டவிரோதம். ஸ்பேட் ராஞ்சின் பார்ட்லட் ரிச்சர்ட்ஸ், வில்லியம் காம்ஸ்டாக் இருவர் மீதும் வழக்கு. 1905-ல் தண்டனை: ஆளுக்கு 300 டாலர் அபராதம், ஆறு மணி நேரக் காவல்! ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கொதித்துப்போய் அரசு வழக்கறிஞரையும் மார்ஷலையும் (நீதிமன்றக் காவல் அதிகாரி) வேலையிலிருந்து தூக்கினார். அடுத்த வழக்கில் ஓராண்டுச் சிறை. ரிச்சர்ட்ஸ் 1911-ல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

#6 புல்லறிவன்

ஆவணப்பெட்டி, ரிச்சர்ட்ஸைத் திருடன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. வேலி சட்டவிரோதம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணுக்கு ஏற்ற அளவில் நிலத்தை ஆண்டது அவர்கள்தான். சட்டமோ அந்த அளவை யாருக்கும் அனுமதிக்கவில்லை. பிற்பாடு கின்கெய்டர்கள் விற்றுப்போன பிறகு நிலம் மறுபடியும் பல ஆயிரம் ஏக்கர் கொண்ட ராஞ்சுகளாகத்தானே சேர்ந்தது? மணல் கேட்ட அளவுக்கே போய் நின்றது.

#7 ஆவணப்பெட்டி

மண்ணுக்கு ஏற்ற அளவு சரி, யாருடைய மண் என்பதுதான் கேள்வி. குத்தகை எடுத்திருக்கலாம் என்று சொல்வீர்கள், குத்தகைச் சட்டம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் உண்மை, காங்கிரஸ் கொடுக்கவில்லை. ஆனாலும் வந்து குடியேறப் பார்த்தவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தியதை ‘மேலாண்மை’ என்று சொல்ல நான் தயாரில்லை. இதை இங்கேயே விடுவோம்.

#8 கிணற்றடி

தண்ணீர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. திசைகாட்டியின் முதல் கேள்வியே அதுதான்: இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் விவசாயம் இல்லை?

மழை மேற்கே ஆண்டுக்கு 17 அங்குலம், கிழக்கே போகப் போக 23 வரை. அதிகம் இல்லை. ஆனால் மணலில் விழுந்த துளி ஓடாது, நேராக இறங்கிவிடும். அதனால்தான் கீழே சில இடங்களில் ஆயிரம் அடி வரைக்கும் நீர் நிறைந்த படுகை இருக்கிறது. ஆறுகள் ஊற்றால் ஓடுகின்றன. கோடையிலும் பனிக்காலத்திலும் லூப் ஆற்றின் மட்டம் பெரிதாக மாறாது. பள்ளத்தாக்கில் நீர்மட்டம் புல் வேருக்கு எட்டும் ஆழத்திலேயே நிற்கும். அந்த ஈரப் புல்வெளிதான் ஜூலையில் அறுத்துப் போர் போட்டுக் குளிர்காலத்துக்கு வைக்கும் இடம். அப்படி ஒரு புல்வெளி அமைந்த கின்கெய்டர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். மேடு மட்டும் கிடைத்தவர் முதலில் போனார்.

ஆனால் மேட்டில் நிற்கும் மாட்டுக்குத் தண்ணீர்? அங்கேதான் காற்றாடிப் பம்பு. இது இல்லாவிட்டால் அந்தக் கவுண்டியே இல்லை.

8 அடி சக்கரம், 30 அடி கோபுரம், 2 அங்குல உருளை வைத்தால் நல்ல காற்றில் மணிக்கு 150 முதல் 200 காலன் வரும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஓடினால் 1,200-க்குக் குறையாது. கோடையில் பசு ஒன்றுக்கு 15 காலன் என்றால் 80 பசுவுக்குப் போதும். ஆனால் காற்று நாலு நாள் நின்றுவிட்டால்? அதற்காகத்தான் 20, 30 அடி விட்டத்துக்குத் தொட்டி. தொட்டி சிறிதாக இருந்தால் காற்று இல்லாத வாரத்தில் மாடு தவித்துப்போகும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் தோல் வாஷர் இருக்கும், மணல் கலந்த தண்ணீர் அதை அரைத்துவிடும். சக்கரம் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். காற்று நின்று மறுபடி கிளம்பும்போது தண்ணீர் வர வெகுநேரம் ஆகிறது என்றால் அடி வால்வு மூடவில்லை, குழாயில் நின்ற நீர் முழுக்கக் கீழே இறங்கிவிட்டது. மேலே கியர் பெட்டியில் எண்ணெயை ஆண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் கோபுரத்தின் மேலேயே பல்சக்கரம் தேய்ந்துபோகும், பிறகு மொத்தத் தலையையும் இறக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் நீர் மேலே ஏறும் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க, உறைமட்டத்துக்குக் கீழே குழாயில் ஒரு சிறு ஓட்டை போட்டிருப்பார்கள். பம்பு நின்றதும் மேலே உள்ள நீர் அது வழியாகத் தானே வடிந்துவிடும். மணல் அந்த ஓட்டையை அடைத்தால் அந்த ராத்திரியே குழாய் போயிற்று.

#9 திசைகாட்டி

அருமை. ஆனால் இவ்வளவு தண்ணீரை மின்பம்பு வைத்து எடுத்து மக்காச்சோளம் போடலாமே?

#10 கிணற்றடி

போட்டார்கள். பிராங்க் சைபாக் என்பவர் 1952-ல் காப்புரிமை வாங்கிய வட்டமாகச் சுற்றும் பாசனக் கருவி வந்தபிறகு, மேடு பள்ளத்திலும் தண்ணீர் தெளிக்க முடிந்தது. 1970-களில் வெளியூர் முதலீட்டாளர்கள் சாண்ட்ஹில்ஸில் மேட்டை வெட்டிச் சமப்படுத்தி மக்காச்சோளம் போட்டார்கள். மூன்று வகையில் அடி விழுந்தது. வசந்தக் காற்றில் பறக்கும் மணல் முளையை அரிவாளால் அறுத்தது போல் அறுத்துவிடும். மணலில் உரம் நிற்காது, போட்ட நைட்ரேட் தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்கே போகும். 1980-களில் விலை விழுந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள். புல்லும் இல்லை, பயிரும் இல்லை, வட்டம் வட்டமாக மணல் பறந்தது. அங்கே மறுபடி புல்லைக் கொண்டுவருவது கிணறு தோண்டுவதைவிடக் கஷ்டம்.

#11 புல்லறிவன்

அந்தப் பறக்கும் குழியை அங்கே ‘பிளோஅவுட்’ என்பார்கள். எப்படி அடைக்கிறார்கள் என்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன், இந்தப் பிரதேசத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் எங்கே கிளம்பும்? மாடு தினமும் ஒரே தடத்தில் நடக்கும் இடம், காற்றாடிப் பம்பைச் சுற்றிய இடம், வேலி ஓரம், மேட்டின் உச்சி. வடமேற்குக் காற்றை நேராக வாங்கும் சரிவு என்றால் இன்னும் மோசம். குழி ஆழமாக ஆக அதன் விளிம்பு செங்குத்தாகி, காற்று அதற்குள் சுழன்று மேலும் அரிக்கும். வெளியே வாரிப்போட்ட மணல் பக்கத்துப் புல்லையும் மூடும்.

வேலை வரிசை இப்படி. குழியையும், அது வாரிக் கொட்டிய மணலையும் சேர்த்து வேலி போட்டு மாட்டைத் தடுக்க வேண்டும். குழியை மட்டும் அடைத்தால் கொட்டிய மணலிலிருந்து அடுத்த குழி கிளம்பும். பிறகு செங்குத்து விளிம்பை இடித்து, மூன்றடி ஓட்டத்துக்கு ஓரடி உயரம் என்ற சரிவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் உலர்புல் பரப்பல், ஏக்கருக்கு இரண்டு டன் அளவு. நீளத் தண்டுள்ள பழைய புல்தான் வேண்டும், பொடிந்த இலைப்புல் முதல் காற்றிலேயே போய்விடும். பரப்பியதை மணலுக்குள் அழுத்திவிட வேண்டும். குளிர்காலத்தில் அந்த இடத்திலேயே மாட்டுக்குத் தீனி போட்டால் குளம்பே அந்த வேலையைச் செய்யும், சாணியும் சேரும். விதை என்றால் மணலை முதலில் பிடிக்கும் சாண்ட் புளூஸ்டெம், பிரெய்ரி சாண்ட்ரீட் போன்ற உள்ளூர்ப் புற்கள். வெளிப் புல் விதை வேண்டாம்.

எங்கே சொதப்பும்: கோடையில் வெறும் மணலின் சூட்டில் முளை வெந்துவிடும், மேலே உலர்புல் இல்லையென்றால் விதை எவ்வளவு போட்டும் பயனில்லை. வாங்கிய உலர்புல்லில் லீஃபி ஸ்பர்ஜ் களை விதை இருந்தால் குழியை அடைத்து வேறு தலைவலியை வாங்கினதுதான் மிச்சம். முதல் ஆண்டிலேயே பச்சையைப் பார்த்து வேலியைத் திறந்தால் எல்லாம் பழையபடி. முன்காலத்தில் பழைய டயரையும் ஓட்டை வண்டியையும் குழியில் தள்ளுவார்கள். அதைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விசித்திரம். பிளோஅவுட் பென்ஸ்டெமான் என்ற ஊதாப்பூச் செடி பறக்கும் மணலில் மட்டுமே வளரும். ராஞ்சர்கள் குழிகளை அடைத்துக்கொண்டே வந்ததில் அது அழிவின் விளிம்புக்குப் போய், 1987-ல் ஆபத்திலிருக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. நல்ல மேய்ச்சல் முறை ஒரு செடிக்கு எமனானது!

#12 நெறியாளர்

தலைப்பு மக்களையும் பற்றியது. மணலுக்குள்ளேயே இறங்கிவிட வேண்டாம்.

#13 ஆவணப்பெட்டி

சரி, மக்களுக்கு வருகிறேன். செர்ரி கவுண்டி என்றால் வெள்ளைக்கார மாட்டுக்காரர்கள் என்று மட்டும் பதிந்துபோயிருக்கிறது. டிவிட்டி என்ற ஊரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

1907-ல் பிரவுன்லீ அருகே வட லூப் ஆற்றங்கரையில் கறுப்பினக் குடும்பங்கள் கின்கெய்டு நிலம் பிடித்துக் குடியேறினார்கள். பல குடும்பங்கள் டாசன் கவுண்டியின் ஓவர்டனிலிருந்து வந்தவை. அவர்களில் சிலருடைய முன்னோர் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடா போனவர்கள். நெப்ராஸ்காவின் கறுப்பினக் கிராமக் குடியேற்றங்களில் மிகப் பெரியதும் அதிக காலம் நின்றதும் இதுதான். மரம் கிடையாது, ஆகவே புல் வேரோடு மண்ணைப் பாளமாக வெட்டி அடுக்கிய மண்வீடு. பள்ளி, தேவாலயம், கடை, தபால் நிலையம், ஒரு பேஸ்பால் அணி. பிரவுன்லீ வெள்ளையர்களோடு விளையாட்டும் விருந்தும் உண்டு. தபால் நிலையத்தின் பெயர் பின்னால் ஆடேஷஸ் என்று மாறியது. ‘துணிச்சல்’ என்று அர்த்தம், பொருத்தம்தான்.

முதல் உலகப் போர் முடிந்து 1920-களில் விலை சரிந்தது. 1930-களின் நடுவில் ஊர் காலி. 2016-ல் நினைவுப் பலகை வைத்தார்கள்.

நயோப்ரரா கோட்டையையும் மறக்கக் கூடாது. அங்கே கறுப்பினப் படைப்பிரிவுகள் இருந்தன. 25-ஆம் காலாட்படையின் வீரர்களை 1906-ல் அங்கிருந்து டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு துப்பாக்கிச் சூட்டுப் பழி அவர்கள் மேல் விழ, நீதிமன்ற விசாரணை ஏதும் இல்லாமல் 167 பேரை ரூஸ்வெல்ட் வேலையை விட்டு நீக்கினார். 1972-ல்தான் அந்த உத்தரவு ரத்தானது. அதே 1906-ல் கோட்டையும் மூடப்பட்டது. 1912-ல் அந்த நிலம் விலங்குச் சரணாலயம் ஆனது, முதலில் வந்தவை 6 காட்டெருமையும் 17 எல்க் மானும்.

#14 திசைகாட்டி

டிவிட்டி தோற்றுப்போனதற்கு இனவெறி காரணமா, மணல் காரணமா?

#15 வரப்பு

‘தோற்றது’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. ஐந்து ஆண்டு இருந்து பட்டா வாங்கி, அதை விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்து வேறு ஊருக்கு அனுப்பியவன் தோற்றவனா? பிரவுன்லீ பக்கத்து வெள்ளைக் கின்கெய்டர்களும் அதே பத்து ஆண்டுகளில்தான் விற்றுவிட்டுப் போனார்கள். #2-ல் இருக்கும் 28 பசுக் கணக்கு தோல் நிறம் பார்க்காது. ஒரே வித்தியாசம், விலை சரிந்தபோது பக்கத்து நிலத்தை வாங்கிப் பெருக்கிக்கொள்ளக் கடன் யாருக்குக் கிடைத்தது என்பது. அந்த இடத்தில் இனம் குறுக்கே வந்திருக்கும் என்று ஆவணப்பெட்டி சொன்னால் எனக்கும் சம்மதம்.

#16 ஆவணப்பெட்டி

சம்மதம்.

#17 கூடல்

இழைக்குப் புதிது. இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பள்ளிக்கூடம், கடை எல்லாம்?

#18 வரப்பு

வாங்க கூடல். ராஞ்சுகளுக்கு நடுவே ஓர் ஆசிரியர் மட்டும் இருக்கும் ஆரம்பப் பள்ளிகள் ஏராளமாக இருந்தன. நெப்ராஸ்கா சட்டத்தில் அவை ‘முதல் வகைப் பள்ளி மாவட்டங்கள்’, அதாவது தனித்தனிப் பள்ளி நிர்வாக அமைப்புகள். 2005-ல் சட்டமன்றம் அவற்றைக் கலைத்துப் பெரிய மாவட்டங்களோடு சேர்த்தது. கலைப்பு 2006 ஜூனில் நடந்து முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் பொது வாக்கெடுப்பில் மக்கள் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். என்ன பயன்? மாவட்டங்கள் ஐந்து மாதத்துக்கு முன்பே போய்விட்டன.

கடைக்கு ‘கோடி’ (Cody) என்ற ஊரைச் சொல்லலாம். இருநூறு பேர்கூட இல்லாத ஊர். மளிகைக் கடை இல்லாமல் போனபோது பள்ளி மாணவர்களே நடத்தும் கடையை 2013-ல் திறந்தார்கள். கட்டடச் சுவர் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பூசியது.

இன்னொன்று: கவுண்டிக்குள்ளேயே நேரம் மாறும். கிழக்குப் பகுதி மத்திய நேரம், மேற்குப் பகுதி மலை நேரம். கவுண்டி அலுவலகம் வாலண்டைனில், மத்திய நேரத்தில். மேற்கேயிருந்து வருபவர் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளாவிட்டால் மூடிய கதவைத்தான் பார்ப்பார். 83-ஆம் நெடுஞ்சாலையில் வாலண்டைனிலிருந்து தெற்கே தெட்ஃபோர்டு வரை 65 மைலில் வழியில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

#19 புல்லறிவன்

வேலை என்றால் மாடுதான். இறைச்சி வகைப் பசு எண்ணிக்கையில் அமெரிக்காவின் முதல் கவுண்டி என்ற பெயர் இதற்கு உண்டு, ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆளுக்கு முப்பது பசு வரும்! நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில் சூட்டுக்குறிப் பரிசோதனை இன்னும் நடக்கிறது. குறியின் வடிவம் மட்டும் போதாது, இடமும் பதிவாக வேண்டும். இடது தோளில் இருப்பதும் வலது இடுப்பில் இருப்பதும் வேறு வேறு குறிகள். மெரிமன் ஊர் ஈவா பவ்ரிங் 1954-ல் நெப்ராஸ்காவின் முதல் பெண் செனட்டராக நியமிக்கப்பட்டவர். அவருடைய ராஞ்ச் இப்போது மாநில வரலாற்றுப் பூங்கா, பழைய உலர்புல் கருவிகளைப் பார்க்க நல்ல இடம்.

#20 கூடல்

நன்றிங்க. கடைசியாக ஒன்று. கின்கெய்டர் ஒருவருடைய நிலம் எது என்று ஆவணத்தில் கண்டுபிடிப்பது எப்படி? ‘வ.கி. ¼, பிரிவு 10, ட 28 வ, ரே 30 மே’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறது, தலைகால் புரியவில்லை.

#21 வரப்பு

பின்னாலிருந்து படியுங்கள், புரியும். ‘ரே 30 மே’ என்றால் ஆறாவது முதன்மை நெட்டாங்கு என்ற வடக்கு-தெற்கு அளவைக் கோட்டிலிருந்து மேற்கே முப்பதாவது வரிசை (ரேஞ்ச்). ‘ட 28 வ’ என்றால் கான்சாஸ் எல்லைக்கோட்டிலிருந்து வடக்கே இருபத்தெட்டாவது டவுன்ஷிப். ஒவ்வொன்றும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம், அதில் 36 பிரிவு, பிரிவு ஒன்று 640 ஏக்கர். எண் போடும் முறை ஏர் உழுவதுபோல: வடகிழக்கு மூலையில் 1, மேற்கே போய் 6, அதற்குக் கீழே 7, திரும்பிக் கிழக்கே 12, இப்படி வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36. ‘வ.கி. ¼’ அந்தப் பிரிவின் வடகிழக்குக் கால்பங்கு, 160 ஏக்கர். 16, 36 ஆகிய பிரிவுகள் பள்ளி நிதிக்கு ஒதுக்கியவை. அங்கே கின்கெய்டு மனுவைத் தேட வேண்டாம்.

அடுத்தது பெயர்த் தேடல். நில மேலாண்மை அலுவலகத்தின் பட்டாப் பதிவு இணையத்திலேயே இலவசம். அதில் இல்லையென்றால் நிலமே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பட்டா வரை போனவர்கள்தான் அந்தப் பட்டியலில் இருப்பார்கள், நடுவில் விட்டவர்கள் நிலப்பதிவுப் பேரேடுகளில்தான் அகப்படுவார்கள். பட்டா எண் கிடைத்ததும் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பைக் கேட்கலாம். தங்கம் அதில்தான் இருக்கிறது: வீட்டின் நீள அகலம், கிணற்றின் ஆழம், எத்தனை ஏக்கர் உழுதார், இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம்.

மூலைக்கல் மட்டும் நம்பக் கூடாது. கல் கிடைக்காத மணலில் கட்டை நட்டு அடியில் கரி புதைப்பார்கள். கட்டை தீயில் போகும், மேடு பறந்தால் எல்லாமே போகும். கின்கெய்டர்கள் வண்டிச் சக்கரத்தில் துணி கட்டிச் சுற்றை எண்ணினார்கள். சுற்றளவு 14 அடி என்றால் மைலுக்கு 377 சுற்று. ஆனால் மேட்டில் ஏறி இறங்கும் தூரமும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், ஆகவே நிலம் எப்போதும் உண்மையைவிடக் கிட்டத்தில் முடிந்துவிடும். பக்கத்துக்காரரோடு வந்த வேலிச் சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்கியது.

#22 கிணற்றடி

நேரில் போவதாக இருந்தால் ஒரு சேர்க்கை: அந்த நிலம் இப்போது யாரோ ஒரு ராஞ்சருடையது, முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். வழியில் வரும் கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். திறந்த கேட்டை நல்லெண்ணத்தில் மூடிவிட்டால் மறுபக்கத்து மாட்டுக்குக் காற்றாடித் தொட்டிக்குப் போகும் வழி அடைபடும். ஜூலையில் அது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.